மெய்நிகர் கணினிக்குப் போர்ட் வழிமாற்றம்: பழுதறியும் முறையும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஆய்விதழ்த் தளங்கள், சொல்லடைவுத் தரவுத்தளங்கள், களஆய்வு ஒலிப்பதிவுக் காப்பகங்கள் முதலியவற்றைப் பொதுவெளியில் வைக்கும் முன் ஆய்வாளர் தம் கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை அமைத்துச் சோதித்துப் பார்க்கின்றனர். அதனுள் இயங்கும் சேவையை வேறொரு கணினியிலிருந்து அடைவதற்குப் போர்ட் வழிமாற்றம் பயன்படுகிறது. அது பயனளிக்காதபோது பழுது எவ்விடத்தில் உள்ளது என்று அறியாமல் பாதுகாப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பவர் பலர். வேண்டுகை கடந்து செல்லும் பாதையைக் கண்ணிகளாகப் பகுத்து, உள்ளிருந்து வெளிநோக்கி வரிசையாகச் சோதித்தால் பழுதின் இடம் தெளிவாகும். தேவைக்கு மேல் எதையும் திறக்க வேண்டிய நிலையும் எழாது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச் சொற்கள்: மெய்நிகர் கணினி, போர்ட் வழிமாற்றம், முகவரி மாற்றம், தீயரண், பழுதறிதல், தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

ஒரே கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியே இயங்குவது போன்ற சூழலை உருவாக்கும் எண்ணம் 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் உருப்பெற்றது. அந்நிறுவனம் 1972ஆம் ஆண்டில் விஎம்/370 என்னும் இயங்குதளத்தை அறிவித்தது. அன்று பெருங்கணினிகளுக்கே உரியதாக இருந்த அவ்வசதி இன்று மடிக்கணினிக்கும் எட்டியுள்ளது. 2007ஆம் ஆண்டில் திறந்தமூல வடிவில் வெளியாகி, தற்போது ஆரக்கிள் நிறுவனத்தால் பேணப்படும் விர்ச்சுவல்பாக்ஸ் இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட மென்பொருளாகும். இக்கட்டுரை அதனையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, விண்டோஸ் மடிக்கணினி ஒன்றில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவப்பட்டு, அதனுள் உபுண்டு லினக்ஸ் இயங்குகிறது என்று கொள்ளலாம். உபுண்டுவில் அப்பாச்சி வலைச்சேவை 80ஆம் போர்ட்டில் செயற்படுகிறது. அதில் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்னும் ஆய்விதழ் மேலாண்மை மென்பொருள் நிறுவப்பட்டுள்ளது. மடிக்கணினியின் முகவரி 192.168.1.20. அதன் 8080ஆம் போர்ட்டுக்கு வருவனவற்றை உபுண்டுவின் 80ஆம் போர்ட்டுக்கு அனுப்புமாறு விதி எழுதப்பட்டுள்ளது. ஆயினும், அதே வளாக வலையமைப்பில் உள்ள மற்றொரு பேராசிரியரின் கணினியில் பக்கம் திறக்கவில்லை. இந்நிலையில் எதை முதலில் பார்ப்பது என்பதே வினா.

அடிப்படைக் கருத்துகள்

மெய்நிகர் கணினியைத் தன்னுள் தாங்கி நிற்கும் உண்மைக் கணினி இக்கட்டுரையில் தாய்க்கணினி எனப்படுகிறது. ‘போர்ட்’ என்பதற்குத் தமிழில் ‘துறை’ என்னும் சொல் வழங்கினும், கல்விப்புலச் சூழலில் அது வேறு பொருளையும் தருவதால் இங்குப் போர்ட் என்றே ஆளப்படுகிறது. ஐபி முகவரி ஒரு கணினியை அடையாளப்படுத்துகிறது. போர்ட் எண் அக்கணினியில் இயங்கும் சேவைகளுள் ஒன்றை அடையாளப்படுத்துகிறது. போர்ட் எண் 16 பிட் அளவினது. எனவே அது 0 முதல் 65535 வரை அமையும்.

ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் அளவினதாதலால், மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. இப்பற்றாக்குறையைச் சமாளிக்க, 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் தொகுதிகள் தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டன. ஒரு பொது முகவரியின் பின்னால் பல தனி முகவரிகள் இயங்க உதவுவது ‘நாட்’ எனச் சுருங்க வழங்கும் முகவரி மாற்றமாகும். உள்ளிருந்து வெளியே செல்லும் வேண்டுகைக்கு வரும் விடையை அது உரியவரிடம் சேர்க்கும். வெளியிலிருந்து தானாக வரும் வேண்டுகையை யாரிடம் சேர்ப்பது என்பது அதற்குத் தெரியாது. அதனைத் தெரிவிக்கும் விதியே போர்ட் வழிமாற்றம்.

விர்ச்சுவல்பாக்ஸ் தன் இயல்பு அமைப்பில் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் இத்தகைய முகவரி மாற்றச் சூழலைத் தனியே உருவாக்குகிறது. அதனுள் மெய்நிகர் கணினி 10.0.2.15 என்னும் முகவரியையும், அதன் நுழைவாயில் 10.0.2.2 என்னும் முகவரியையும் பெறுகின்றன. இம்முகவரிகள் அச்சூழலுக்குள் மட்டுமே பொருளுடையவை. உலாவியில் 10.0.2.15 என்று தட்டெழுதி அணுக முயல்வது தொடக்கநிலையில் நிகழும் பிழையாகும். அணுக வேண்டியது தாய்க்கணினியின் முகவரியையும் அதன் 8080ஆம் போர்ட்டையுமே.

வேண்டுகை செல்லும் பாதை

மேற்கண்ட எடுத்துக்காட்டில் மற்றவர் கணினியிலிருந்து புறப்படும் வேண்டுகை முதலில் வளாக வலையமைப்பைக் கடக்கிறது. அடுத்துத் தாய்க்கணினியின் தீயரணைக் கடக்கிறது. பின்னர் விர்ச்சுவல்பாக்ஸின் வழிமாற்ற விதியை அடைகிறது. அதன்பின் உபுண்டுவின் தீயரணைக் கடக்கிறது. நிறைவாக அப்பாச்சியைச் சேர்கிறது. இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயனர் காண்பது ஒன்றே: பக்கம் திறக்கவில்லை.

பயனர் வெளியிலிருந்து நோக்குவதால், வெளிப்புறக் கண்ணிகளையே முதலில் ஐயுறுகிறார். உட்கண்ணி உறுதிப்படாத நிலையில் வெளிக்கண்ணியில் செய்யும் மாற்றம் எதையும் மெய்ப்பிக்காது. அப்பாச்சியே இயங்காதபோது தாய்க்கணினியின் தீயரணை அணைத்தாலும் பக்கம் திறக்காது. அணைத்த தீயரண் மட்டும் அப்படியே கிடக்கும். ஆகவே சோதனை உள்ளிருந்து வெளிநோக்கி நடைபெற வேண்டும். ஒரு கண்ணி உறுதியான பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும்.

தோல்வியின் மூன்று வகைகள்

பக்கம் திறக்காத விதம் பழுதின் இடத்தை ஓரளவு சுட்டிக்காட்டும். முதலாவது, உடனடி மறுப்பு. டிசிபி நெறிமுறையில், ஒரு கணினியின் குறிப்பிட்ட போர்ட்டில் எந்தச் சேவையும் காத்திராவிட்டால் இணைப்பை மறுக்கும் செய்தி உடனே திரும்பும். பொதி கணினியை அடைந்துவிட்டது, ஆனால் அங்குக் கேட்பார் இல்லை என்பது இதன் பொருள். இரண்டாவது, அமைதி. விடையே வராமல் உலாவி நெடுநேரம் காத்திருந்து ஓயும். தீயரண் பொதியை ஓசையின்றிக் கைவிடுவதையோ, முகவரி தவறு என்பதையோ இது சுட்டும். மூன்றாவது, இணைப்பு ஏற்கப்பட்டு உடனே முறிதல்.

மூன்றாம் வகையைத் தனித்து நோக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் முகவரி மாற்ற அமைப்பில் 8080ஆம் போர்ட்டில் காத்திருப்பது விர்ச்சுவல்பாக்ஸே, அப்பாச்சி அன்று. அது வெளி இணைப்பை முதலில் தானே ஏற்றுக்கொண்டு, அதன்பின் உபுண்டுவோடு தனி இணைப்பொன்றை ஏற்படுத்த முயல்கிறது. உபுண்டு மறுத்தால் முன்பு ஏற்ற இணைப்பை முறிக்கிறது. எனவே 8080ஆம் போர்ட் திறந்திருப்பதாக ஒரு சோதனைக் கருவி காட்டினால், விதி நடைமுறையில் உள்ளது என்பது மட்டுமே அதனால் உறுதியாகும். உள்ளிருக்கும் சேவை நலமாக உள்ளது என்பது உறுதியாகாது. இவ்வேறுபாட்டை அறியாதவர் ‘போர்ட் திறந்தே உள்ளது, ஆனாலும் பக்கம் வரவில்லை’ என்று திகைப்பர். உண்மையில் அவ்விடை பழுது உட்புறத்தில் உள்ளது என்பதைச் சொல்லிவிட்டது.

பிங் கட்டளையின் விடையைக் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறைக்குப் போர்ட் எண்ணே இல்லை. வழிமாற்ற விதி அதனைத் தொடுவதில்லை. விண்டோஸ் தீயரண் பிங் வேண்டுகைகளைத் தடுத்துவிட்டு, வலைப்பக்க வேண்டுகைகளை அனுமதிப்பதும் உண்டு.

முதற் கண்ணி: சேவை

உபுண்டுவின் உள்ளிருந்தே சோதனையைத் தொடங்க வேண்டும். கர்ல் கட்டளையால் 127.0.0.1 என்னும் தற்சுட்டு முகவரியின் 80ஆம் போர்ட்டை அழைத்தால் பக்கத்தின் உள்ளடக்கம் வர வேண்டும். வராவிட்டால் பழுது அப்பாச்சியில் உள்ளது. வலையமைப்பைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து, சேவை எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதை எஸ்எஸ் அல்லது நெட்ஸ்டாட் கட்டளையால் அறிய வேண்டும். 0.0.0.0 என்று காட்டினால் அது ஐபி நான்காம் பதிப்பின் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கிறது. 127.0.0.1 என்று மட்டும் காட்டினால் அக்கணினிக்குள்ளிருந்து எழும் வேண்டுகைகளுக்கே விடையளிக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் வேண்டுகையை 10.0.2.15 என்னும் முகவரிக்கு அனுப்புவதால், தற்சுட்டு முகவரியில் மட்டும் காத்திருக்கும் சேவையை அது அடையாது. உள்ளிருந்து நோக்கினால் எல்லாம் சரியாகத் தோன்றும். வெளியிலிருந்து இணைப்பு முறியும்.

ஆய்வாளர் கையாளும் பல கருவிகளின் இயல்பு அமைப்பு இதுவே. ஜூபிட்டர் 8888ஆம் போர்ட்டிலும், ஃபிளாஸ்க்கின் சோதனை வழங்கி 5000ஆம் போர்ட்டிலும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 5432ஆம் போர்ட்டிலும் தற்சுட்டு முகவரியிலேயே இயல்பாகக் காத்திருக்கின்றன. இதனைக் குறை என்று கருதலாகாது. அறியாமல் திறந்துவிடுவதைத் தடுக்க வகுக்கப்பட்ட காப்பு இது. மாற்றுவதாயின் எதற்காக மாற்றுகிறோம் என்பதை அறிந்து மாற்ற வேண்டும்.

இரண்டாம் கண்ணி: மெய்நிகர் கணினியின் தீயரண்

சேவை சரியான முகவரியில் காத்திருந்தும் விடை வராவிட்டால், ஃபயர்வால் எனப்படும் தீயரணை நோக்க வேண்டும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ, ஃபெடோரா வகையினவற்றில் ஃபயர்வால்டி ஆகியவை இப்பணியைச் செய்கின்றன. இவற்றை முற்றிலும் அணைப்பதற்கு மாறாக 80ஆம் போர்ட்டை மட்டும் அனுமதிக்கும் விதியைச் சேர்ப்பதே முறை. பொதி உள்ளே வருகிறதா என்பதை டிசிபிடம்ப் கருவி நேரடியாகக் காட்டும். அது தீயரணுக்கு முன்பாகவே பொதிகளைக் காண்பதால், பொதி வருவது தெரிந்தும் விடை செல்லாவிட்டால் ஐயம் தீயரண் மீதே செல்ல வேண்டும்.

மூன்றாம் கண்ணி: வழிமாற்ற விதி

விர்ச்சுவல்பாக்ஸின் விதி ஆறு உறுப்புகளை உடையது: பெயர், நெறிமுறை, தாய்க்கணினியின் முகவரி, தாய்க்கணினியின் போர்ட், மெய்நிகர் கணினியின் முகவரி, மெய்நிகர் கணினியின் போர்ட். இரு போர்ட் எண்களும் இடம் மாறுவது அடிக்கடி நிகழும் பிழை. டிசிபி என்று இருக்க வேண்டிய இடத்தில் யுடிபி என்று அமைந்துவிடுவது மற்றொன்று. மெய்நிகர் கணினியின் முகவரியாக ஒரு பழைய முகவரியை இட்டு வைப்பது மூன்றாவது.

தாய்க்கணினியில் வேறொரு மென்பொருள் 8080ஆம் போர்ட்டை முன்பே பிடித்து வைத்திருந்தால் விதி செயற்படாது. உலாவியில் எதிர்பாராத வேறொரு பக்கம் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுவே. தாய்க்கணினி லினக்ஸாக இருப்பின் 1024க்குக் குறைந்த போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் பெறுவது இயல்பாகத் தடைசெய்யப்பட்டிருக்கும். 80க்கு மாறாக 8080, 22க்கு மாறாக 2222 என்றவாறு உயர் எண்கள் வழக்கில் வந்தமைக்கு இது முதன்மைக் காரணமாகும்.

விதியைச் சோதிக்கத் தாய்க்கணினியின் உலாவியிலேயே 127.0.0.1 முகவரியின் 8080ஆம் போர்ட்டை அழைக்க வேண்டும். இங்குப் பக்கம் திறந்துவிட்டால் உட்கண்ணிகள் மூன்றும் உறுதியாகிவிட்டன. உடனடி மறுப்பு வந்தால் விதி நடைமுறையில் இல்லை, அல்லது மெய்நிகர் கணினி இயங்கவில்லை. விதியில் தாய்க்கணினியின் முகவரியாக 127.0.0.1 அல்லாத ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், இச்சோதனையையும் அம்முகவரியைக் கொண்டே செய்ய வேண்டும்.

பிற மென்பொருள்களில் இக்கண்ணி வேறு வகையில் அமையும். லினக்ஸின் கேவிஎம் சூழலில் லிப்விர்ட் 192.168.122 எனத் தொடங்கும் இயல்பு வலையமைப்பை உருவாக்குகிறது. அங்கு வழிமாற்றத்தை லினக்ஸின் பொதிவடிப்பி விதிகளாகவே எழுத வேண்டும். இலக்கு முகவரியை மாற்றும் விதியோடு, பொதியைக் கடந்து செல்ல அனுமதிக்கும் விதியும் தேவை. ஒன்று மட்டும் இருந்தால் அமைதியோ மறுப்போ நேரும். வெளியிலிருந்து வரும் பொதிகளுக்கென எழுதிய முகவரி மாற்ற விதி, தாய்க்கணினியிலேயே எழும் பொதிகளுக்குப் பொருந்தாது. ஆகவே அச்சூழலில் தாய்க்கணினியிலிருந்து செய்யும் சோதனை தோற்பது விதி தவறு என்பதற்குச் சான்றாகாது. விண்டோஸின் டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பும் ஒரு மெய்நிகர் கணினியே. அதன் இயல்பான முகவரி மாற்ற அமைப்பில் உள்முகவரி மறுதொடக்கத்தின்போது மாறக்கூடும். நேற்று இயங்கிய விதி இன்று இயங்காமைக்கு அம்மாற்றமே காரணமாகலாம்.

நான்காம் கண்ணி: தாய்க்கணினியின் தீயரண்

தாய்க்கணினியில் திறக்கும் பக்கம் அதே வளாகத்தின் மற்றொரு கணினியில் திறக்காவிட்டால், முதலில் விதியில் தாய்க்கணினி முகவரியாக 127.0.0.1 குறிக்கப்பட்டுள்ளதா என்று காண வேண்டும். அவ்வாறாயின் பிறர் அணுக இயலாது. அதில் குறையில்லையெனில், விண்டோஸ் தீயரணை நோக்க வேண்டும். விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் ‘பொது’, ‘தனியார்’ முதலிய வகைகளுள் ஒன்றாக வகைப்படுத்துகிறது. ‘பொது’ என்ற வகைக்குக் கடுமையான விதிகள் பொருந்தும். ஒரு வலையமைப்பில் இயங்கிய விதி வேறொன்றில் இயங்காமைக்கு இவ்வகைப்பாடு காரணமாகலாம். 8080ஆம் போர்ட்டுக்கு மட்டும், உள் வலையமைப்பின் முகவரிகளிலிருந்து மட்டும் அனுமதி தரும் விதியே போதுமானது.

இரு கணினிகளும் ஒரே கம்பியில்லா வலையமைப்பில் இருந்தும் ஒன்றையொன்று காணாதவாறு நிறுவன நிருவாகிகள் பிரித்து வைத்திருப்பதும் உண்டு. இது பழுது அன்று, கொள்கை. நிருவாகியோடு பேசியே தீர்வு காண வேண்டும்.

ஐந்தாம் கண்ணி: திசைவியும் இணையச் சேவையாளரும்

வளாகத்திற்கு வெளியிலிருந்து அணுக வேண்டுமாயின் திசைவியில் இன்னொரு வழிமாற்ற விதி தேவை. அது சுட்ட வேண்டியது தாய்க்கணினியின் 192.168.1.20 என்னும் முகவரியை, உபுண்டுவின் 10.0.2.15 என்னும் முகவரியை அன்று. தாய்க்கணினிக்கு டிஎச்சிபி முறையில் முகவரி வழங்கப்பட்டால் அது மாறக்கூடும். எனவே திசைவியில் அம்முகவரியை ஒதுக்கி வைத்தல் நலம்.

திசைவியின் வெளிப்புற முகவரியும் இணையத்தில் தோன்றும் முகவரியும் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிடுவதும் இன்றியமையாதது. இரண்டும் வேறாயின், குறிப்பாகத் திசைவியின் முகவரி 100.64 முதல் 100.127 வரையான தொகுதியில் அமைந்திருந்தால், இணையச் சேவையாளரே மற்றொரு முகவரி மாற்றத்தைச் செய்கிறார். 2012ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒதுக்கப்பட்ட தொகுதி அது. அந்நிலையில் தம் திசைவியில் எத்தனை விதிகள் எழுதினாலும் பயனில்லை. வெளிச்சோதனையை வளாக வலையமைப்புக்குள்ளிருந்து செய்யாமல் கைப்பேசியின் தரவு இணைப்பின் வழியாகச் செய்ய வேண்டும். உள்ளிருந்து தம் பொது முகவரியையே அழைப்பதைச் சில திசைவிகள் கையாள்வதில்லை.

பக்கம் திறந்த பின் எழும் சிக்கல்கள்

பக்கம் திறந்தும் வடிவமைப்பின்றித் தோன்றலாம். இணைப்புகளைச் சொடுக்கினால் வேறு முகவரிக்குச் செல்லலாம். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ், வேர்ட்பிரஸ் போன்றவை தம் தள முகவரியை அமைப்பில் பதிந்து வைத்திருக்கும். அதில் 8080 என்னும் போர்ட் எண் விடுபட்டிருந்தால் இவ்வாறு நேரும். ஜாங்கோவில் எழுதப்பட்ட செயலி, அனுமதிப் பட்டியலில் இல்லாத முகவரியால் அழைக்கப்பட்டால் 400 என்னும் பிழை எண்ணைத் தரும். இவை வலையமைப்புப் பழுதுகள் அல்ல. பாதை முழுவதும் சரியாக உள்ளது என்பதற்கான சான்றுகளே.

இன்னொன்று எளிதில் கண்ணுக்குப் படாதது. விர்ச்சுவல்பாக்ஸின் முகவரி மாற்றத்தில் எல்லா வேண்டுகைகளும் 10.0.2.2 என்னும் ஒரே முகவரியிலிருந்து வருவனவாகவே உபுண்டுவுக்குத் தோன்றும். ஆகவே அப்பாச்சியின் பதிவேட்டைக் கொண்டு வருகையாளர் கணக்கெடுப்பது பிழையான முடிவைத் தரும். முகவரி அடிப்படையில் சிலரை மட்டும் அனுமதிக்கும் விதியும் உபுண்டுவுக்குள் பயன்படாது. தவறான கடவுச்சொல்லைப் பலமுறை இடுபவரின் முகவரியைத் தடைசெய்யும் ஃபெயில்2பேன் போன்ற கருவி அங்கு இயங்கினால், ஒருவர் செய்த பிழைக்காக அனைவரும் தடைபடுவர். அணுக்கக் கட்டுப்பாட்டைத் தாய்க்கணினியின் தீயரணிலேயே அமைக்க வேண்டும்.

எவ்வளவு திறப்பது

பழுதறிதலின் இறுதி வினா இதுவாகும். கடவுச்சொல் இன்றி இணையத்திற்குத் திறந்திருந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் 2017 சனவரியில் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் மீட்புப்பணம் கேட்கும் குறிப்புகள் வைக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் வெளியான 3.6ஆம் பதிப்பு முதல் அத்தரவுத்தளம் தற்சுட்டு முகவரியில் மட்டும் காத்திருப்பதை எல்லா நிறுவல்களிலும் இயல்பாக்கியது. திறந்த போர்ட்டுகளைத் தேடும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஓயாது இயங்குகின்றன. சிறு சோதனைத் தளம் என்பதால் எதுவும் தப்பிவிடுவதில்லை.

ஆய்வாளரின் மெய்நிகர் கணினியில் இருப்பது வெளிவராத கட்டுரைகளாகவோ, மதிப்பீட்டாளர்களின் பெயர்களாகவோ, நம்பிக்கையின் பேரில் தகவலாளர்கள் அளித்த ஒலிப்பதிவுகளாகவோ இருக்கலாம். இவற்றைப் பிறர் கவர்ந்தால் இழப்பு ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று. எனவே தரவுத்தளப் போர்ட்டுகளை இணையத்திற்குத் திறத்தல் கூடாது. ஓரிருவர் மட்டும் அணுகினால் போதுமெனில் எஸ்எஸ்எச் சுரங்கவழியே தக்கது. 1995ஆம் ஆண்டில் உருவான இந்நெறிமுறை, மறையாக்கப்பட்ட ஒரே இணைப்பின் வழியே பிற போர்ட்டுகளையும் கொண்டு செல்லும். சேவை தற்சுட்டு முகவரியிலேயே இருந்துகொண்டு, உரியவருக்கு மட்டும் கிடைக்கும். சோதனை முடிந்ததும் எழுதிய விதிகளை நீக்கிவிடுவதும், எந்நாளில் எது மாற்றப்பட்டது என்பதைக் குறித்து வைப்பதும் பழுதறிதலின் பகுதிகளே.

முடிவுரை

போர்ட் வழிமாற்றத்தில் பழுது நேரும்போது சேவை, அது காத்திருக்கும் முகவரி, மெய்நிகர் கணினியின் தீயரண், வழிமாற்ற விதி, தாய்க்கணினியின் தீயரண், திசைவி என்னும் வரிசையில் உள்ளிருந்து வெளிநோக்கிச் சோதிப்பது பழுதின் இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. மறுப்பு, அமைதி, முறிவு என்னும் மூவகை விடைகளும் இவ்வரிசையோடு சேர்த்து நோக்கும்போதே பொருள் தருகின்றன. விர்ச்சுவல்பாக்ஸின் முகவரி மாற்றத்தில், போர்ட் திறந்திருத்தல் என்பது உள்ளிருக்கும் சேவையின் நலத்தைக் காட்டும் சான்றன்று. பழுதின் இடம் தெரிந்துவிட்டால் ஒரு போர்ட்டை, ஒரு வலையமைப்புக்கு, தேவையான காலத்திற்கு மட்டும் திறப்பதே போதுமானதாகிறது. இடம் தெரியாமல் செய்யும் திருத்தம் பக்கத்தைத் திறந்துவிட்டாலும், அதனோடு வேறு எவையெல்லாம் திறந்தன என்பதைச் சொல்வதில்லை.